கால்வாயில் கிடந்த நீல மாத்திரைகள்

எங்கள் பள்ளிக் குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்னக் கால்வாய் ஓடுகிறது. போன வருடம் மழை விட்ட ஒரு சனிக்கிழமை, அடைப்பு எடுக்கச் சாரணியர் பிள்ளைகளோடு அங்கே போனேன். மண்வெட்டியில் சேற்றோடு நீல நீலமாக ஏதோ வந்தது. உடைந்த வளையல் மணி என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் எடுத்தால் மாத்திரை. வாரம் ஒரு நாள் வகுப்பில் தருகிறோமே, அந்த இரும்புச்சத்து மாத்திரை. ஓரம் கரைந்து, சில இரண்டாகப் பிளந்து, ஒரு கைப்பிடி தேறியது.

"யார் போட்டது?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் மல்லிகை அணியின் தலைவி, ஒன்பதாம் வகுப்பு, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாருந்தான் மிஸ். நானும்."

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் இதே பிள்ளைகள் ரத்தசோகை விழிப்புணர்வு ஊர்வலம் போயிருந்தார்கள். அட்டையில் வாசகம் எழுதிக் கொடுத்தவள் நான். 'இரும்புச்சத்து உண்போம், ரத்தசோகை வெல்வோம்' என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு வந்த பிள்ளைகள். ஒரு வருடமாக மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துத் துப்பியிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. ஒரு தடவைகூட ஏன் என்று கேட்காமல் அட்டை எழுதினேனே என்றுதான் இருந்தது.

அன்றைக்குக் கால்வாயை அப்படியே விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். ஒருத்தி, "மாத்திரை போட்டா வாந்தி வருது மிஸ்" என்றாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால், டீ. ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அம்மா அதற்கு முன்பே கரும்பு வெட்டப் போயிருப்பார். இன்னொருத்தி குனிந்துகொண்டே, "கறுப்பா போவுது மிஸ். அம்மா பயந்துட்டாங்க, வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். மூன்றாவது பெண் சொன்னதைக் கேட்டுத்தான் நான் ஆடிப்போனேன். இந்த மாத்திரை சாப்பிட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்று அவள் தெருவில் பேச்சாம்.

மூன்றுக்கும் பதில் இருக்கிறது, ரொம்ப எளிய பதில். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியே போவதால்தான் மலம் கறுக்கிறது, அதில் பயம் ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேர விடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும்தான் அந்த மாத்திரையில் இருப்பது. குழந்தைப்பேற்றைத் தடுக்கும் எதுவும் அதில் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் இதே இரண்டு சத்தைத்தான் தருகிறார்கள், நிறம் மட்டும் சிவப்பு.

இந்த விஷயங்களை எந்த ஊர்வலமும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் கணக்கை வருடா வருடம் மேடையில் வாசிக்கிறோம், கைதட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை நான் மனசாரப் பாராட்டுகிறவள். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மாதவிடாய் தொடங்கி, உடம்புக்கு இரும்பு அதிகம் வேண்டிய வயதில், ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறது. மதிய உணவும் பத்தாம் வகுப்பு வரைதான்.

அப்புறம் நாப்கின். 2012-இல் இலவசமாக நாப்கின் தரும் புதுயுகம் திட்டம் வந்தபோது எத்தனை வீடுகளில் பழந்துணி ஒழிந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு என்றால் மாதத்துக்கு ஒன்பது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். ஐந்து நாளுக்கு இருபது வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் எங்கள் எட்டாம் வகுப்புப் பெண்தான். அதே பெண் அன்று கேட்டாள், "மணிக்கு ஒருக்கா நனைஞ்சா தப்பா மிஸ்?" எல்லோருக்கும் அப்படித்தான் போகும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெயிலில் நின்றால் மயங்கி விழுவாள் என்று ஊர்வலத்தில் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தோம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூட்டிப்போய் விரலில் குத்திப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.6. அந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும், எட்டுக்குக் கீழே போனாலே கடுமையான ரத்தசோகை. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஊர்வலம் போகவில்லை. எங்கள் குழுவில் 28 பேர், நான்கு அணி. ஒவ்வொருத்தியும் தன் தெருவில் மூன்று வீட்டை எடுத்துக்கொண்டாள். சாரணியருக்குத் தினம் ஒரு நற்செயல் என்று இருக்கிறதே, அதை இதற்கு வைத்துக்கொண்டார்கள். சாயந்திரம் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது, அவ்வளவுதான். கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்பதை நான் சொன்னால் கேட்காத அம்மாக்கள், "நானே போட்டுக்கிட்டுதான் இருக்கேன் அத்தை" என்று தங்கள் தெருப் பெண் சொன்னால் கேட்கிறார்கள். முருங்கைக்கீரை எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் ஆண்களுக்கும் பையன்களுக்கும் வைத்த மிச்சம்தான் பெண்ணுக்கு. வாரம் ஒரு நாள் கறிக்கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கினால் அதுவும் பையனுக்கு. அதைக்கூடப் பிள்ளைகளே வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சமூக சேவை என்று சொல்லி இந்தப் பிள்ளைகளிடம் நாம் என்ன வாங்குகிறோம்? விழா என்றால் பூத்தட்டோடு வரவேற்பு வரிசை, தண்ணீர் பாட்டில் கொடுப்பது, நாற்காலி துடைப்பது. ஒரு நிகழ்ச்சியில் விருந்தினர் வர இரண்டரை மணி நேரமானது. அத்தனை நேரமும் சீருடையில் நின்ற பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட் கூட யாரும் கொடுக்கவில்லை. அதற்குச் சான்றிதழ் வந்தது. திண்ணையில் பேசிய வேலைக்கு எந்தச் சான்றிதழும் இல்லை, படமும் இல்லை. அதனால் அறிக்கையில் எழுத ஒன்றும் இல்லை என்று என்னிடமே சொன்னார்கள். குழு நடத்தும் ஆசிரியர்களை நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை அட்டையும் ஸ்கெட்சும் வாங்குவதற்கு முன்னால், உங்கள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

போன மாதம் மறுபடி செவிலியர் வந்தார். 7.6 இருந்த பெண்ணுக்கு இப்போது 10.9. அவள் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தபோது, வாசலில் அவள் அம்மா நின்றிருந்தார், கரும்பு வெட்டும் கையுறையைக் கழற்றாமலே. "டீச்சர், எனக்கும் பாப்பாங்களா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர் நின்றிருந்தார்கள்.