கணக்கு தப்பினால் அடிப்பார்கள்

ஒரு குழந்தைக்குக் கணக்கு வரவில்லை. பேருந்தில் இத்தனை பேர் ஏறினார்கள், இத்தனை பேர் இறங்கினார்கள், மீதி எத்தனை பேர் என்று கேட்கும் பள்ளிக்கூடக் கணக்குதான். குழந்தை வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறது. சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த வாலஸுக்கு 16 வயது. அவன் பொறுமை இழந்து, கண்ணை மூடிக்கொள் என்று சொல்லிவிட்டு வேறு மாதிரி கேட்கிறான். உன்னிடம் 20 குப்பி போதைப்பொருள் இருக்கிறது. இரண்டு பேர் வந்து ஆளுக்கு 2 வாங்குகிறார்கள். இன்னொருவன் 3 வாங்குகிறான். நம் கூட்டாளி போடி வந்து இன்னும் 10 குப்பி கொடுத்துவிட்டுப் போகிறான். காரில் வந்த ஒருவன் 8 வாங்குகிறான். மீதி எவ்வளவு? குழந்தை சட்டென்று சொல்லிவிடுகிறது: 15. இதைப் போடத் தெரிகிறதே, புத்தகத்தில் இருப்பது ஏன் வரவில்லை என்று வாலஸ் கேட்கிறான். கணக்கு தப்பினால் அடிப்பார்கள் என்கிறது குழந்தை.

பால்டிமோர் நகரத்துப் போதைப்பொருள் வியாபாரத்தையும் போலீஸையும் பற்றிய 'தி வயர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசனில் எட்டாவது எபிசோடில் வரும் காட்சி இது. அந்த இடத்தில் இசை எழும்பி நம்மை அழச்சொல்வதில்லை. இந்தத் தொடரில் பின்னணி இசையே ஏறக்குறைய கிடையாது. கதைக்குள் ஒரு கார் ரேடியோ பாடினால்தான் நமக்குப் பாட்டு. குழந்தை பதில் சொல்கிறது, கதை நகர்ந்துவிடுகிறது. நான் மட்டும் நிறுத்திவிட்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 15தான். சரியாகவே இருக்கிறது.

சமீபத்தில் ஒரு நண்பரோடு இதைப் பற்றி நீண்ட வாக்குவாதம். போதைப்பொருள் விற்கிறவர்கள், கொலை செய்கிறவர்கள்மேல் இரக்கம் வரவைப்பது தவறு, இந்தத் தொடர் குற்றவாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறது என்றார். அவர் மேலோட்டமாகப் பேசுகிறவர் அல்ல. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். (இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கதை முழுவதையும் சொல்லாமல் எனக்கு இதைப் பேசத் தெரியவில்லை.)

வாலஸ் பலகை அடித்து மூடப்பட்ட ஒரு காலி வீட்டில் இருக்கிறான். வெளியிலிருந்து ஒரு வயரை இழுத்து மின்சாரம் எடுத்திருக்கிறான். அங்கே இன்னும் சில சின்னப் பிள்ளைகள். காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட், ஒரு ஜூஸ் பெட்டி கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுகிறான். 'இவன் நல்லவன்' என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அந்த ஜூஸ் பெட்டியைப் பார்த்தால் போதும், அதற்கு முந்தைய இரவையும் அதற்கு முந்தைய வருடங்களையும் நாமே ஊகித்துக்கொள்கிறோம்.

அதே வாலஸ்தான் தன் கூட்டத்தாரின் சரக்கைக் கொள்ளையடித்த ஒருவனை விளையாட்டுக் கூடத்தில் பார்த்துத் தகவல் கொடுக்கிறான். மறுநாள் காலை அந்த இளைஞனின் சிதைக்கப்பட்ட உடல் வாலஸின் வீட்டுப் பக்கமே கிடக்கிறது. அன்றிலிருந்து பையன் உடைந்துபோகிறான், போதைக்குள் விழுகிறான். போலீஸ் அவனைக் கிராமத்துப் பக்கம் பாட்டி வீட்டில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே இருப்புக்கொள்ளாமல் அவன் திரும்பி வந்துவிடுகிறான். கடைசியில் அவனைச் சுடுவது கூடவே வளர்ந்த போடியும் பூட்டும். போடியின் கை நடுங்குகிறது. முதல் குண்டு அவனுடையது. பிறகு பூட் துப்பாக்கியை வாங்கி முடித்துவைக்கிறான். சிறுவர்கள் ஒரு சிறுவனைக் கொல்கிறார்கள். எந்தக் கோணத்திலும் அந்தக் கொலை வீரமாகத் தெரியாது. அதே எபிசோடில், இந்தப் பையன்களை வைத்து வியாபாரம் நடத்திய டிஆஞ்சலோ, வாலஸ் எங்கே என்று மறுபடி மறுபடி கேட்கிறான், பதில் வருவதில்லை. வக்காலத்து வாங்க நினைக்கும் கதை அந்தக் கேள்வியை அத்தனை முறை கேட்காது.

நண்பருக்கு என் முதல் பதில் இதுதான். இரக்கப்படுவது வேறு, மன்னித்துவிடுவது வேறு. போடி செய்தது என்னவென்று கடைசிவரை மறக்கவிடாமல்தான் இந்தத் தொடர் அவனை நமக்கு நெருக்கமாக்குகிறது.

இதை எப்படிச் சாதிக்கிறார்கள்? வேலையைக் காட்டி என்பேன். ஒரு மனிதன் நாள் முழுக்க என்ன செய்கிறான், எதைத் தொடுகிறான், எதற்கு அஞ்சுகிறான் என்பதைச் சலிக்காமல் காட்டுகிறார்கள். முக்கில் பணம் வாங்குகிற கை சரக்கைத் தொடாது. வாங்குகிறவன் பணத்தைக் கொடுத்துவிட்டு இன்னொரு இடத்துக்கு நடக்க வேண்டும், அங்கே வேறொரு பையன் கொண்டுவந்து தருவான். பேஜரில் வரும் எண்களை அப்படியே படித்தால் ஒன்றும் விளங்காது. தொலைபேசிப் பொத்தான்களில் நடுவில் இருக்கும் 5ஐத் தாண்டி எதிர்ப்பக்கத்து எண்ணை எடுக்க வேண்டும். 1 என்றால் 9, 2 என்றால் 8. 5ம் 0வும் இடம் மாறிக்கொள்ளும். பெருக்கல் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகளும் பிழையில்லாமல் பயன்படுத்தக்கூடிய சங்கேதம். போலீஸ் தரப்பிலும் அதே நுணுக்கம். பொதுத் தொலைபேசியை ஒட்டுக்கேட்க நீதிமன்ற அனுமதி கிடைத்தாலும், வருகிற போகிற எல்லோருடைய பேச்சையும் கேட்டுவிட முடியாது. சந்தேக நபர்தான் பேசுகிறான் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஒருவர் மொட்டைமாடியில் வெயிலில் கிடக்க வேண்டும்.

இவ்வளவு விவரம் எதற்கு, கதை நகரவில்லையே என்று சிலர் முதல் இரண்டு எபிசோடிலேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். ஒருவரின் உழைப்பைத் துல்லியமாகத் தெரிந்துகொண்ட பிறகு அவரை 'அந்த மாதிரி ஆட்கள்' என்று ஒதுக்குவது கடினமாகிவிடுகிறது. அந்தச் சங்கேதத்தை உடைக்கிற பிரெஸ் என்ற போலீஸ்காரன், அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் 14 வயதுப் பையன் ஒருவனைத் துப்பாக்கியால் அடித்து அவன் கண்ணைப் போக்கியவன். அது நம் மனதை விட்டுப் போவதில்லை. நான்காவது சீசனில் அவனே வேலையை விட்டுவிட்டு ஒரு நடுநிலைப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக வருகிறான். புத்தகம் எடுபடாத வகுப்பில் பகடையை உருட்டி நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கிறான். வாலஸ் கண்ணை மூடச்சொல்லிச் செய்ததைத்தான் இவனும் செய்கிறான், ஆனால் வாலஸ் அப்படிச் செய்தது இவனுக்குத் தெரியாது. தொடரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. நான்காவது சீசனை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து எழுதியதல்ல. தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோர் நகரத்து நாளிதழில் குற்றச்செய்தி நிருபராக இருந்தவர். 1988இல் ஓராண்டு அந்நகரக் கொலை வழக்குப் பிரிவோடு கூடவே இருந்து எழுதியவர். அவரோடு சேர்ந்து தொடரை எழுதிய எட் பர்ன்ஸ் 20 ஆண்டுகள் அங்கே போலீஸ் வேலை பார்த்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளி ஆசிரியரானவர். இருவரும் சேர்ந்து 1993இல் மேற்கு பால்டிமோரில் போதைப்பொருள் விற்கிற ஒரு தெருமுனையில் ஓராண்டு போய் நின்றார்கள். வாங்குகிறவர்களிடம், விற்கிறவர்களிடம், அவர்களுடைய தாய்மார்களிடம் பேச்சுக் கேட்டார்கள். மெல்வின் வில்லியம்ஸ் அந்நகரத்தில் பெரும் போதைப்பொருள் வியாபாரியாக இருந்தவர். 1980களில் அவரைச் சிறைக்கு அனுப்பிய விசாரணையில் பர்ன்ஸும் இருந்தார். அதே வில்லியம்ஸ் இந்தத் தொடரில் ஒரு தேவாலயப் பெரியவராக நடித்திருக்கிறார். பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே படப்பிடிப்புத் தளத்தில். இந்தத் தொடரின் குணத்தைச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது. மொத்தம் 60 எபிசோடுகள், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அது கிடக்கட்டும்.

இதுவரை எழுதியதைப் படித்தால், விவரம் தெரிந்தால் இரக்கம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்வதுபோல் இருக்கும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது சீசன் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது.

ஐந்தாவது சீசன் நாளிதழ் அலுவலகத்தைப் பற்றியது. சைமன் பல ஆண்டுகள் வேலை பார்த்து, 1995இல் கசப்போடு வெளியேறிய அதே நாளிதழின் பெயரில்தான் அந்த அலுவலகம் வருகிறது. இதைவிட நன்றாகத் தெரிந்த இடம் அவருக்கு இருந்திருக்க முடியாது. விவரங்களுக்கும் குறைவில்லை. ஒரு வினைச்சொல்லைத் தவறாகப் பயன்படுத்திய இளம் நிருபரை மூத்த பிழைதிருத்துநர் திருத்துகிற காட்சி அத்தனை அழகு. நகரச் செய்தி ஆசிரியர் கஸ் நடுராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து, துறைமுகச் செய்தியில் எண்களை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று அலுவலகத்துக்குப் போன் போடுகிறார். மாற்றிப் போடவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு நிம்மதி. குப்பிகளை எண்ணுகிற குழந்தையின் கவனமும் இவருடைய கவனமும் ஒரே ஜாதி என்று தோன்றும்.

ஆனால் அதே அலுவலகத்தின் மேலதிகாரிகள் இருவரும், பொய்ச்செய்தி எழுதும் நிருபரும் அட்டையில் வெட்டி ஒட்டிய உருவங்களாக இருக்கிறார்கள். அந்த நிருபன் ஏன் பொய் எழுதத் தொடங்கினான், வீட்டுக்குப் போனால் அவனுக்கு என்ன பயம், முதல் பொய்யை எழுதிய இரவு எப்படித் தூங்கினான்? தெரியாது. வாலஸைச் சுட்ட போடிக்குக் கிடைத்த பொறுமை இவனுக்குக் கிடைக்கவில்லை. கொலைகாரர்களையும் கொள்ளைக்காரர்களையும் உள்ளிருந்து எழுத முடிந்தவர், தன் பழைய முதலாளிகளிடம் வந்ததும் குற்றம்சாட்டும் வழக்கறிஞராக மாறிவிடுகிறார். தொடர்மேல் எனக்கு இருக்கும் உண்மையான மனக்குறை இது. நான் மிகவும் நேசிக்கிற ஒன்று என்பதால்தான் சொல்கிறேன்.

தெருமுனைக்கு அவர் போனது கேட்பதற்காக. நாளிதழ் அலுவலகத்தைத் தெரிந்துகொண்டது காயம்பட்டவராக. இரண்டிலும் விவரம் கிடைக்கும். காயத்தில் கிடைத்த விவரத்தைக் கையில் எடுத்தால் குத்தத்தான் வரும்.

விசித்திரம் என்னவென்றால் இந்த வித்தியாசத்தைத் தொடரே இரண்டாவது சீசனில் காட்டியிருக்கிறது. டிடெக்டிவ் மெக்நல்டியைத் தண்டனையாகத் துறைமுகப் படகு ரோந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். தண்ணீரில் ஒரு பெண்ணின் உடல் மிதக்கிறது. அது நகர எல்லையில் சேராது என்று தன் பழைய மேலதிகாரி தட்டிக்கழித்ததும், மெக்நல்டி நீரோட்டத்தையும் காற்றையும் பார்த்து, உடல் எங்கே தண்ணீரில் விழுந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறான். நகர எல்லைக்குள்தான் என்று நிரூபித்து வழக்கை அவர் தலையில் கட்டுகிறான். அபாரமான, துல்லியமான வேலை. முழுக்க வன்மத்துக்காகச் செய்தது. பிறகு ஒரு கப்பல் கன்டெய்னருக்குள் மேலும் 13 பெண்கள் மூச்சுத்திணறி இறந்து கிடக்கிறார்கள். அதற்கப்புறம் அவனுக்குள் ஏதோ திரும்புகிறது. தண்ணீரில் கிடந்த பெண்ணின் பெயரையாவது கண்டுபிடித்துவிட வேண்டும், வீட்டில் யாருக்காவது சொல்ல வேண்டும் என்று அலைகிறான். முடியவில்லை. பெயர் தெரியாமலேயே அவள் போகிறாள். முதல் கணக்கில் அவன் ஜெயித்தான், இரண்டாவது தேடலில் தோற்றான். எந்தத் தேடலில் அவன் நமக்கு மனிதனாகத் தெரிகிறான் என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

நான்காவது சீசனில் லெஸ்டர் என்ற டிடெக்டிவ், காலி வீடுகளின் பலகைகளில் அடித்திருக்கும் ஆணிகளைப் பார்த்தே உள்ளே பிணம் இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். அவருடைய மேற்பார்வையாளர், பலகையைப் பெயர்க்காதே என்கிறார். துப்புத் துலங்காத கொலைகளின் எண்ணிக்கை கூடிவிடும், வருடக் கணக்கு கெட்டுவிடும். கடைசியில் 22 உடல்கள் வெளியே வருகின்றன. அலுவலகத்திலும் கணக்கு தப்பினால் அடிதான் போல.

மறுபடி போடியிடம் வருகிறேன். முதல் சீசனில் டிஆஞ்சலோ அவனுக்கும் வாலஸுக்கும் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பான். சிப்பாய்கள் சீக்கிரம் வெட்டுப்படுவார்கள் என்றதும், சாமர்த்தியமான சிப்பாயாக இருந்தால் தப்பிக்கலாம் என்பான் போடி. நான்காவது சீசன் முடிவில் மெக்நல்டி அவனை ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கித்தருகிறான். மரங்கள், புல்வெளி, அமைதி. இதுவும் பால்டிமோர்தானா என்று போடி கேட்கிறான். பிறந்ததிலிருந்து அந்த ஊரிலேயே இருப்பவன்.

அப்புறம் பேசத் தொடங்குகிறான். 13 வயதிலிருந்து முக்கில் நிற்கிறேன், ஒரு நாளும் கணக்கில் தப்பு வந்ததில்லை, பொட்டலத்தில் கைவைத்ததில்லை, சொல்லாத எதையும் செய்ததில்லை, எனக்கு என்ன திரும்பக் கிடைத்தது என்கிறான்.

சொன்னதை மட்டும் செய்தவன். வாலஸைச் சுட்டதும் சொல்லித்தான். அந்த வாக்கியத்துக்குள் வாலஸ் இருக்கிறான் என்று போடிக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரமே அவனும் அவனுடைய முக்கில் நின்றபடி, ஓட மறுத்து, சுடப்பட்டுச் சாகிறான். நண்பரே, அப்போது நான் அழுதேன். வாலஸுக்கும் சேர்த்துத்தான் அழுதேன்.