8 பாரிலேயே நிற்கும் பாட்டுகள்

வீட்டிலேயே எலக்ட்ரானிக் இசை செய்யும் தம்பிகள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது, "அண்ணே, அடுத்து எந்த பிளக்-இன் வாங்கலாம்?" என்றுதான். (பிளக்-இன் என்பது இசை மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் கருவி அல்லது எஃபெக்ட்.) எதையும் வாங்காதே என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. ஆனால் அவர்கள் லேப்டாப்பில் பாட்டுகள் பாதியில் கிடப்பதற்குக் காரணம் கருவிப் பற்றாக்குறை இல்லை. கிக் (தாளத்தின் கனமான டிரம் அடி), பேஸ் (கீழ் ஸ்தாயி ஒலி), ரிவெர்ப் (அறை முழக்கம்) எதையும் 'இது போதும்' என்று விடாமல், எல்லாவற்றையும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்தே போட்டு வைத்திருப்பதுதான்.

சமீபத்தில் ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். 128 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில், ஒரு டெக்னோ லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு). நீளம் 8 பார், ஒரு பாருக்கு நாலு அடி. நன்றாகவே இருந்தது. ஆனால் ப்ராஜெக்ட்டைத் திறந்ததுமே லேப்டாப் விசிறி இரைய ஆரம்பித்தது. பேஸுக்கு மட்டும் நாலு சிந்த் (சிந்தசைசர்), ஒவ்வொன்றுக்கும் தனி ரிவெர்ப். கிக்குக்குக் கீழே மியூட் செய்த கிக்குகள் வரிசையாக.

"எதுக்குடா இத்தனை கிக்கு?"

"எது நல்லாருக்கும்னு இன்னும் முடிவு பண்ணலண்ணே."

128 பிபிஎம்மில் 8 பார் என்றால் சரியாக 15 விநாடி. இரண்டு மணி நேரம் ஓடவிட்டு நோண்டினால் அதே 15 விநாடியை 480 தடவை கேட்கிறோம். அதற்கு மேல் அது நல்ல லூப்பா சுமாரா என்று யார் காதுக்கும் தெரியாது. வந்திருப்பது சலிப்பு. அதை 'ஏதோ குறையுது' என்று எடுத்துக்கொண்டு இன்னொரு லேயரைப் போடுகிறோம். மறுநாள் அதுவும் சலிக்கிறது.

என் கட்சி இதுதான்: ஒரு ஒலி பிடித்துவிட்டதா, உடனே பதிவான ஒலியாக, அதாவது ஆடியோவாக, மாற்றிவிடுங்கள். இசை மென்பொருள்களில் ஏபிள்டன் என்றால் ஃப்ரீஸ் செய்து ஃப்ளாட்டன் கொடுங்கள். லாஜிக்கில் பவுன்ஸ் இன் பிளேஸ். ரீப்பரிலும் எஃப்எல் ஸ்டுடியோவிலும் இதற்கு வழி இருக்கிறது. பிராசஸருக்குப் பாரம் குறைவது ஒரு லாபம். நம்ம ஊர் வெயிலில் லேப்டாப் சூடேறித் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் பெரிய லாபம், பிரீசெட்டை (தயாராக வரும் ஒலிகளை) புரட்டிக்கொண்டே இருக்கும் கை அடங்கிவிடும்.

அவன் பேஸை அங்கேயே ஆடியோ ஆக்கினோம். "அப்புறம் மாத்தணும்னு தோணுச்சுன்னா?" என்று இழுத்தான். மிடி டிராக்கை (எந்த ஸ்வரம், எப்போது என்ற குறிப்பு மட்டும் இருக்கும் தடத்தை) ஒரு காப்பி எடுத்து, மியூட் போட்டு ஓரமாக வைக்கச் சொன்னேன். அலை வடிவம் திரையில் வந்ததும் அவனே கடைசி அரை பாரை வெட்டித் திருப்பிப் போட்டான். லூப் முடிகிற இடத்தில் அப்படி ஒரு இழுப்பு! பில்டப்புக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. நாலு சிந்த்தும் நாலு ரிவெர்ப்பும் ஓடிக்கொண்டிருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது.

அடுத்து, அரேஞ்ச்மென்ட், அதாவது லூப்பை முழுப் பாட்டாக அடுக்குவது. லூப்பை 20 தடவை காப்பி செய்து நீட்டுங்கள். 128இல் அது 5 நிமிடம். அப்புறம் எதையும் சேர்க்காமல் எடுத்துக்கொண்டே போங்கள். முதல் 16 பாரில் பேஸ் வேண்டாம், நடுவில் கிக்கைத் தூக்கு, இப்படி. பிடித்த டிராக் ஒன்றை மேலே போட்டு, எங்கெங்கே மாறுகிறது என்று மார்க்கர் வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம். நடன இசையில் மாற்றங்கள் பெரும்பாலும் 8, 16 பார் கணக்கில்தான் வரும். இதைக் காப்பியடிப்பது என்று நினைப்பவர்களுடன் எனக்கு வாதமில்லை, அவர்கள் லூப்பிலேயே இருக்கட்டும்.

கொஞ்சம் கருவிகளை வைத்தே செய்ததற்கு ஓர் உதாரணம். 1982இல் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். அதில் அவர் பயன்படுத்தியவை ரோலண்டின் டிஆர்-808 (டிரம் மெஷின்), டிபி-303 (பேஸ் சிந்த்), ஜூப்பிட்டர்-8 (சிந்த்). வெளிவந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபடி வெளியானபோது, ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைக்கு முன்னாலேயே இப்படி ஒன்றா என்று உலகமே வாயைப் பிளந்தது. கருவி குறைவு என்பதால்தான் அப்படி வந்தது என்று நான் சொல்லவில்லை. இந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வருடக்கணக்கில் வாசித்த கை அது. ஆனால் பேஸுக்கு ஒரே பெட்டிதான் என்கிறபோது பேஸைப் பற்றிய யோசனை சீக்கிரம் முடிந்து மெலடிக்குப் போகலாம் இல்லையா?

டெம்ப்ளேட் (புதுப் பாட்டைத் தொடங்கத் தயாராக வைத்திருக்கும் அமைப்பு) பற்றி யூடியூபில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். டிரம்ஸ், பேஸ், சிந்த், வாய்ஸ் என்று நாலு குரூப், ஒரு ரிவெர்ப், ஒரு டிலே (எதிரொலி). எனக்கு அது போதும். கீபோர்டு வாசிக்கும்போது பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 128 சாம்பிளில் வையுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 3 மில்லிவிநாடி தாமதம். மிக்ஸுக்கு (ஒலிகளைச் சமன் செய்யும் வேலைக்கு) 1024, அதாவது 23 மில்லிவிநாடி. 1024லேயே விட்டுவிட்டு, கீபோர்டு லேட்டாக அடிக்கிறது என்று புதுசு வாங்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பாட்டு செய்த அன்றே மிக்ஸைத் தொடாதீர்கள். சாம்பிள் (பாட்டில் சேர்க்கும் குட்டி ஒலித்துண்டு) தேடுவதையும் பாட்டு செய்கிற நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்து அலுப்பாக வந்த ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பிடித்ததை ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டால், அப்புறம் அதற்குள் மட்டும் தேடினால் போதும். பவுன்ஸ் செய்த ஃபைல்களுக்கு டெம்போ, ஸ்கேல் சேர்த்துப் பெயர் வையுங்கள். மென்பொருள் தானாக வைக்கும் 'ஆடியோ 47' என்ற பெயரோடு விட்டால், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.