'மரணப் பட்டியல்' யாருடைய சாவையும் முன்கூட்டியே சொல்லவில்லை

"வெளிநாட்டில் ஒரு ரகசியப் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் வந்த பிரபலங்கள் அந்த வருடமே இறந்துவிடுகிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது உண்மையல்ல.

அது 'டெத் பூல்' என்ற விளையாட்டு, ரகசியம் எதுவும் கிடையாது. அந்த வருடம் யார் இறப்பார்கள் என்று ஊகித்து, வருடத் தொடக்கத்தில் ஆளாளுக்குச் சில பிரபலங்களின் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். எழுதுவது பெரும்பாலும் தொண்ணூறைத் தாண்டியவர்கள், கடும் நோயில் இருப்பவர்கள் பெயர்தான். அப்படி எழுதினால் சில பெயர்கள் பலிக்கத்தான் செய்யும். பலிக்காத பெயர்களை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரையே பாருங்கள். 2023 பிப்ரவரியில் சிகிச்சையை நிறுத்தி, வீட்டிலேயே அந்திமகாலப் பராமரிப்புக்கு மாறினார். இன்னும் சில நாள்தான் என்று பலரும் நினைத்தார்கள். 2024 ஜூலையில் அவர் இறந்துவிட்டதாக ஒரு போலிக் கடிதம்கூடப் பரவியது. ஆனால் அந்த அக்டோபரில் நூறாவது பிறந்தநாளைக் கண்டு, டிசம்பர் 29 அன்றுதான் காலமானார். கார்ட்டர் மையத்தின் இணையதளத்திலேயே அந்த அறிவிப்பைப் பார்க்கலாம்.

பட்டியலில் இருப்பவர்களுக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உண்டு. அவர்கள் கைக்கும் இந்தச் செய்தி போகும். தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.