குல்மார்க் படங்கள்: வேலூரிலிருந்து ஒரு வாசகர்

காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்க வந்த சாதாரண ஆட்களைப் படமெடுத்து, அவர்கள் பேச்சையும் கூடவே நீங்கள் போட்டது அருமை. கையுறையைக் கழற்றிவிட்டு டீ கிளாஸைப் பிடித்தபடி பேசும் அந்த அம்மாவின் முகத்தில் தெரியும் களைப்பும் பெருமையும் பதக்க மேடையில் கிடைக்காது.

சில படங்களில் மட்டும் பனி சாம்பலாக இருக்கிறது. எங்கும் வெள்ளை என்றால் கேமரா வெளிச்சத்தைத் தானே குறைத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டிப் பாருங்கள். இங்கே கல்யாணத்தில் வெள்ளை வேட்டி சட்டைக்கு நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அப்புறம், ஏலகிரிக்கும் வாருங்கள். பனி கிடையாது. ஆனால் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, புங்கனூர் ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிக் குடும்பங்களிடம் பேச்சுக் கொடுங்கள், மனம்விட்டுப் பேசுவார்கள். எடுத்த படத்தை அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.