குண்டு மட்டும் நகரத்தைப் பிடித்துத் தராது
"மான்ஹாட்டன் திட்டம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது" என்று சிவிலைசேஷன் 6 கணினி விளையாட்டு பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. ஆட்டத்தில் அணுகுண்டு செய்ய வழி திறந்துவிடும் திட்டம் அது. சிவிலைசேஷன் 6-இல் அணுகுண்டு போட்டால் நகரத்தின் காப்பு பூஜ்யமாகும், அங்கிருக்கும் படைகள் அழியும், சுற்றியுள்ள வயல், சுரங்கம் எல்லாம் நாசமாகும். ஆனால் நகரம் கைக்கு வராது. ஒரு காலாட்படையோ டாங்கியோ நேரில் உள்ளே நுழைய வேண்டும். அதனால் நான் எப்போதும் டாங்கியை வெடிப்பு எல்லைக்கு வெளியே தயாராக நிறுத்திவிட்டுத்தான் குண்டு போடுவேன். சாதாரண அணுகுண்டு என்றால் நகரத்திலிருந்து வரைபடத்தில் இரண்டு கட்டம் தள்ளி, அதைவிடப் பெரிய தெர்மோநியூக்ளியர் குண்டு என்றால் மூன்று கட்டம். குண்டு விழுந்த அதே டர்னில் (நம் ஆட்ட முறையில்) டாங்கி உள்ளே போய்விடும். தாமதித்தால் கதிர்வீச்சுக் கட்டத்தில் நிற்கும் படை டர்னுக்கு டர்ன் அடி வாங்கும். அந்தக் கதிர்வீச்சும் லேசில் போகாது, முதல் வகைக்கு 10 டர்ன், இரண்டாவதற்கு 20. பிடித்த நகரத்தில் அப்புறம் என்னத்தை விளைவிப்பது? போதாததற்கு, பயன்படுத்தாமல் வைத்திருக்கும் குண்டுக்கும் ஒவ்வொரு டர்னும் தங்கம் கட்ட வேண்டும். குண்டுவீச்சு விமானங்கள் நான்கைந்து இருந்தால் நிலம் கெடாமலே அதே வேலை நடக்கும். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், 1991-இல் வந்த முதல் சிவிலைசேஷன் ஆட்டத்திலேயே, இந்தியாவின் தலைவராக வரும் காந்தி பாத்திரம் நிரல் பிழையால் அணுகுண்டு வெறியரானது என்கிறார். அப்படி ஒரு பிழையே இல்லை என்று அந்த ஆட்டத்தை உருவாக்கிய சிட் மையரே 2020-இல் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவிட்டார். 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான் வேண்டுமென்றே காந்தியின் அணுகுண்டு நாட்டத்தை உச்சத்தில் வைத்தார்கள்.