மேத்யூ கிராஸுக்கு இன்னொரு உலகக்கோப்பை ஏன் கிடைக்கவில்லை?

2021 டி20 உலகக்கோப்பையில் நாம் எல்லாரும் ஒரு நாள் ஸ்காட்லாந்து ரசிகர்களாக மாறினோமே, ஞாபகம் இருக்கிறதா? துபாயில் நியூசிலாந்து சறுக்கினால் இந்தியாவுக்கு நல்லது. கிறிஸ் கிரீவ்ஸ் பந்து வீசும்போது ஸ்டம்ப் மைக்கில் கீப்பரின் குரல் கேட்டது: மொத்த இந்தியாவும் உன் பக்கம்தான், கிரீவோ! நியூசிலாந்து 16 ரன்னில் ஜெயித்துவிட்டது. நமக்கு மிஞ்சியது மீம்கள்தான்.

அந்தக் குரல்தான் மேத்யூ கிராஸ். அபர்டீன்காரர். நம்மில் பலருக்கு அந்த ஒரு வரியோடு அவர் கதை முடிந்துவிடுகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

2018-ல் எடின்பரோவில் இங்கிலாந்தை ஸ்காட்லாந்து 6 ரன்னில் வீழ்த்திய ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 48 அடித்தவர் இவர். கேப்டன் கோட்ஸருடன் சேர்ந்து 103 ரன். அதே ஆட்டத்தில் மெக்லியாட் அடித்த 140-க்கு முன்னால் அதை யார் பேசுவார்கள்?

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய இன்னிங்ஸ் 2023 ஜூலை 1-ல் ஹராரேயில், இந்தியாவில் நடக்கவிருந்த 50 ஓவர் உலகக்கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஆடியதுதான். வெஸ்ட் இண்டீஸை 181-க்குச் சுருட்டிவிட்டு வந்தால், ஹோல்டரின் முதல் பந்திலேயே ஒரு விக்கெட் காலி. கிராஸ் அசரவில்லை. மெக்மல்லனுடன் 125 ரன் சேர்த்தார். 107 பந்தில் 74 நாட் அவுட். இரண்டு முறை கோப்பையைத் தூக்கிய அணி, முதல் தடவையாக உலகக்கோப்பைக்கு வெளியே.

சரி, அப்படியானால் ஸ்காட்லாந்து இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டுமே? தகுதிச் சுற்றில் அவர்களின் கடைசி ஆட்டம் புலவாயோவில், நெதர்லாந்துடன். தோற்றாலும் பரவாயில்லை, 278 என்ற இலக்கை அவர்கள் 44 ஓவருக்குள் எட்டாமல் இருந்தால் போதும். பாஸ் டி லீடே 123 விளாச, 42.5 ஓவரில் முடித்துவிட்டார்கள். ஏழே பந்து வித்தியாசம்!

இதை வெறும் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2015-ன் 50 ஓவர் உலகக்கோப்பையில் 14 அணிகள் ஆடின. 22 வயதில் கிராஸ் அங்கே கீப்பிங் செய்தார். அதன்பின் ஐசிசி அதை 10 அணிகளாகச் சுருக்கியது. 2019, 2023 இரண்டிலும் வாசல் அடைப்பு. டி20 உலகக்கோப்பைகளில் ஆடினாரே என்பீர்கள். ஆடினார்தான். ஆனால் முதல் பந்தில் விக்கெட் போன பிறகு 43 ஓவர் நின்று முடித்துக்கொடுக்கிறவரின் அருமை இருபது ஓவரில் எங்கே தெரியும்?

2027-ல் மறுபடி 14 அணிகளாம். ஸ்காட்லாந்து தகுதி பெற்றாலும், அந்த அக்டோபரில் கிராஸுக்கு வயது 35.