கோர்ஸ் மட்டும் வளர்ச்சி இல்லீங்க

மாசத்துக்கு ஒரு புது கோர்ஸ் முடிச்சா தான் வேலைல வளர முடியும்னு உங்க கட்டுரைல சொல்லியிருக்கீங்க, அதுல பாதி தான் எனக்கு ஒத்துவருது. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர் 1885லயே எழுதிட்டார், மனப்பாடம் பண்ணதை திரும்ப பாக்காம விட்டா ஒரே நாள்ல பெரும்பகுதி போயிடும்னு (அர்த்தமே இல்லாத அசைகளை வச்சு தன்மேலயே சோதனை பண்ணி பாத்தார் மனுஷன்), அப்படி இருக்கறப்ப கோர்ஸ் மேல கோர்ஸ் எதுக்கு, கத்துக்கிட்ட ஒன்னை வேலைல போட்டு பாருங்க, கொஞ்ச நாள் விட்டு திரும்ப எடுத்து பாருங்க, அது தான் நிக்கும்.

அப்புறம் வேலைல பொறுப்புங்கறது நம்மள மட்டும் இல்ல, கூட வேலை பாக்கறவங்களையும் சேத்து தான். எங்க டீம்ல ஒரு அக்கா லீவு போறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் எழுதி வச்சுட்டு தான் கிளம்புவாங்க, எந்த ஃபைல் எங்க இருக்கு, எது பாதில நிக்குது, யாருக்கு பதில் போகணும், எதை தொடவே கூடாது ஏன் தொடக்கூடாதுன்னு எல்லாம் இருக்கும். அவங்க இல்லாதப்ப யாரும் அவங்களுக்கு ஃபோன் பண்ண வேண்டியதே வராது. இதுக்கு எந்த சர்டிஃபிகேட்டும் கிடையாது, ஆனா நான் பாத்ததுலயே பெரிய திறமை இது தான்.

பழைய ஃபோனையே தொடர்ந்து வச்சுக்கறது பத்தி கட்டுரைல ஒரே வரில முடிச்சுட்டீங்க, அதை இன்னும் விரிவா எழுதுங்க ப்ளீஸ். ஒரு ஸ்மார்ட்ஃபோனால வர்ற கார்பன் வெளியீட்டுல (பூமிய சூடாக்கற வாயுக்கள்) பெரும்பங்கு தயாரிப்புலயே வந்துடுது, நாம சார்ஜ் போடறது அதுல சின்ன பங்கு தான். பேட்டரி வீக் ஆச்சுன்னா பேட்டரிய மட்டும் மாத்துங்க, செக்யூரிட்டி அப்டேட் வர்ற வரைக்கும் தாராளமா ஓட்டலாம்.